பொண்ட் படங்களில் சொத்தை எது? வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில் "1962 முதல் 2021 வரை வந்த 25 ஜேம்ஸ் பொண்ட் படங்களில் சொத்தை எது?" என்று கேட்டிருந்தோம். திருகோணமலையிலிருந்து வந்த கடிதங்களைத் தனிக் கட்டாகக் கட்டவேண்டியதாயிற்று. உவர்மலைக்காரர் திட்டிய படத்தைச் சீனன்குடாக்காரர் தலையில் தூக்கி வைத்திருக்கிறார். நிலாவெளிச் சுழியோடி ஒருவர் விமர்சனத்தை விட்டுவிட்டுக் காற்றுக் கணக்குக் கேட்கிறார். கேள்வியாக வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

நாம் எடுத்துக்கொண்டது இந்த வரிசையைத் தயாரித்த ஈயோன் நிறுவனத்தின் 25 படங்களை. 1967 இல் வந்த கேலிப்படம் 'கசினோ ரோயல்', 1983 இல் ஷோன் கொனரி வேறு தயாரிப்பாளருக்காக நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' இரண்டும் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் ஒரே படத்தைச் சொல்லுங்கள். கடைசி இடம் எதற்கு?
வாசகர், உவர்மலை

'டை அனதர் டே' (2002). முழுப்படத்தையும் சொல்லவில்லை, ஐஸ்லாந்தில் கால் வைத்த பின் வரும் பாதியைச் சொல்கிறோம்.

முதற்பாதி நன்றாகவே போகிறது. வட கொரியச் சிறையில் பொண்ட் 14 மாதம் வதைபடுகிறார், தாடியும் சடையுமாகப் பாலத்தில் வைத்துக் கைமாற்றப்படுகிறார், சொந்த நாடே அவரை நம்ப மறுக்கிறது. லண்டன் கிளப்பில் நடக்கும் வாள்சண்டை பியர்ஸ் புரொஸ்னனின் நான்கு படங்களிலும் முன்வரிசையில் வைக்கத் தக்கது. அதற்குப் பிறகு ஐஸ் மாளிகை, மறையும் கார், கணினி அலை என்று வரிசையாக வருகின்றன. படத்தைக் கவிழ்த்தது அந்த அலை.

அலைச்சறுக்கு இந்தப் படத்தில் இரண்டு தடவை வருகிறது. தொடக்கத்தில் மூன்று பேர் இருட்டில் அலைமேல் சறுக்கி வட கொரியக் கரையில் இறங்குவார்கள். அது ஹவாயின் மாவுயி தீவில், பெயாஹி என்ற இடத்தில் எழும் அசல் பேரலையில், லெயர்ட் ஹமில்டன் போன்ற கைதேர்ந்த சறுக்கு வீரர்களை வைத்து எடுத்தது. இரண்டாவது, பனிப்பாறை உடைந்து விழுந்து எழுப்பும் அலையில், ஊர்தித் தகட்டைப் பலகையாகவும் பரசூட்டைப் பாயாகவும் வைத்து பொண்ட் தப்புவது. அது கணினியில் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். முதலாவதில் பலகை தண்ணீரை வெட்டுகிறது, ஆளின் பாரம் அதில் தெரிகிறது. இரண்டாவதில் ஆளின் மேல் விழுவது ஸ்டூடியோ வெளிச்சம், அலையின் மேல் விழுவது வேறு வெளிச்சம். பலகையில் பாரம் இறங்கவேயில்லை. கமரா எந்தக் கமராக்காரனும் நிற்க முடியாத இடத்தில் மிதக்கிறது. காரணம் சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் பொய் என்று விளங்கிவிடும்.

அசல் அலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே படத்தில், அதைவிடப் பெரிதாக ஒரு பொய் அலை செய்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எங்கள் கோபம். சொத்தை என்று நீங்கள் எழுதிய படங்களில் பெரும்பாலானவற்றில் இதே நோய்தான்: கையில் நல்ல சரக்கு இருக்கிறது, எடுத்தவர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அந்த மறையும் கார் உண்மையில் முடியுமா? வேலை செய்யாதென்றால் ஏன்?
வாசகர், லிங்கநகர்

படம் சொல்லும் முறை இது: காரின் எல்லாப் பக்கமும் சின்னக் கமராக்கள். ஒரு பக்கத்துக் கமரா பிடிப்பதை எதிர்ப்பக்கத் தோலில் காட்டினால், அந்தப் பக்கத்தால் பார்ப்பவருக்குக் கார் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். அடிப்படை யோசனையில் பிழையில்லை. பார்ப்பவர் ஒரே இடத்தில், அசையாமல் நின்றால் கொஞ்சம் ஏமாறலாம். இரண்டடி தள்ளி நின்றாலே காருக்குப் பின்னால் உள்ள மரம் இடம் மாறவேண்டும், தோலில் ஓடும் படம் மாறாது. இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் ஒருவருக்கேனும் பிழையாகத்தான் தெரியும். நிழலை மறைக்க முடியாது. பனியில் பதியும் ரயர்த் தடத்தை மறைக்க முடியாது. குளிரில் புகைபோக்கியால் வரும் வெண்புகையையும் மறைக்க முடியாது. துரத்தலுக்கு ஐஸ்லாந்தைத் தெரிந்தெடுத்துவிட்டு மறையும் காரைக் கொடுத்தது, ஈர மணலில் காலடி தெரியாமல் நட என்று சொன்ன மாதிரி.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்தத் துரத்தலுக்காக அசலாகச் செய்த வேலை படத்தில் காட்டிய மாயத்தைவிடச் சுவையானது. அஸ்டன் மார்ட்டின் வான்குவிஷ் பின்சக்கரத்தால் ஓடும் கார். ஐஸில் அப்படி ஓடினால் பம்பரம்தான். அதனால் அதன் 12 சிலிண்டர் என்ஜினைக் கழற்றி, இடம் குறைவாக எடுக்கும் ஃபோர்ட் வி8 என்ஜினைப் பூட்டி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும்படி மாற்றினார்கள். ஓடியது யோகுல்ஸார்லோன் என்ற பனிக் களப்பின் மேல். அந்தக் களப்புக்குள் கடல்நீர் வந்து போகும். உப்புத் தண்ணீர் உறைய நன்னீரைவிடக் கூடிய குளிர் வேண்டும். ஆகவே முகத்துவாரத்தை அடைத்துக் கடல்நீரை நிறுத்தி, களப்பை உறையவிட்டார்கள். முகத்துவாரம் திறப்பதும் அடைபடுவதும் களப்பை எப்படி மாற்றும் என்று கிழக்கு மாகாணத்தாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அதே படத்தில் இக்காரஸ் என்ற விண்வெளிக் கண்ணாடி வெயிலைக் குவித்து நிலத்தைக் கீறிக்கொண்டு வருகிறது. பௌதிகவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் கேட்கிறேன், இது நடக்குமா?
மாணவர், திருக்கடலூர்

நடக்காது. கணக்கை நீங்களே போடலாம்.

சூரியன் ஒரு புள்ளி அல்ல. பூமியிலிருந்து பார்க்க அது கிட்டத்தட்ட அரைப் பாகை அகலம். எந்தக் கண்ணாடியாலும் வில்லையாலும் அதன் பிம்பத்தைத் தூரத்தின் ஏறத்தாழ 108 இல் ஒரு பங்கைவிடச் சிறிதாக்க முடியாது. கையில் பூதக்கண்ணாடி வைத்துக் கடதாசியைக் கொளுத்தும்போது தூரம் 10 சென்ரிமீற்றர், பிம்பம் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவு. அதனால் எரிகிறது. கண்ணாடி 400 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தால் நிலத்தில் விழும் வட்டம் குறைந்தது 3.7 கிலோமீற்றர். பிரட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி உப்புவெளிக் கடற்கரையை எட்டும் அகலம். அந்த வட்டம் முழுக்க இன்னொரு சூரியன் அளவு வெளிச்சம் விழவேண்டுமானால் கண்ணாடியும் 3.7 கிலோமீற்றர் அகலம் இருக்கவேண்டும். பத்துச் சூரியன் வேண்டுமென்றால் சுமார் 12 கிலோமீற்றர். தொலைக்காட்சிச் செய்மதிகள் நிற்கும் 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோனால் வட்டம் 330 கிலோமீற்றரைத் தாண்டும், இலங்கையின் அகலம் போதாது.

இதை ரஷ்யர்கள் மெய்யாகவே செய்து பார்த்தார்கள். 1993 பெப்ரவரியில் ஸ்னாம்யா என்ற 20 மீற்றர் அகலக் கண்ணாடித் தாளை விண்வெளியில் விரித்தார்கள். நிலத்தில் சுமார் 5 கிலோமீற்றர் அகல ஒளிவட்டம் ஓடியது. வெளிச்சம் எவ்வளவு? ஒரு பூரண நிலவின் அளவு. அதை வைத்துப் படத்தில் வருவதுபோலக் கண்ணிவெடி வயலைக் கொளுத்த முடியாது, முற்றத்தில் பாய் விரித்துக் கதை பேசலாம்.

ஜோர்ஜ் லேசன்பி பொண்டாக நடித்த ஒரே படம்தானே எல்லாவற்றிலும் மோசம்?
வாசகர், மட்டிக்களி

இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

'த மேன் வித் த கோல்டன் கன்' படத்தைச் சொத்தை என்று சொல்பவர்களுக்கு அந்தக் கார்ப் பாய்ச்சலைக் காட்டவேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
வாசகர், பாலையூற்று

பாய்ச்சலைக் காட்டுங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு.

1974 இல் எடுத்த அந்தக் காட்சி சினிமா வாகன சாகசங்களில் ஒரு மைல்கல். உடைந்த பாலத்தின் ஒரு பக்கத்தால் ஏறிய ஏஎம்சி ஹோர்னட் கார், ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் தன் நீள அச்சைச் சுற்றி 360 பாகை உருண்டு, மறுபக்கத்தில் நான்கு சக்கரத்திலும் இறங்கும். பாய்ச்சலின் கணக்கை முன்கூட்டியே கணினியில் போட்டது அமெரிக்காவின் கோர்னெல் வானூர்தி ஆய்வுகூடம். 1970களின் கணினி என்பதை நினைவில் வையுங்கள்.

சூட்சுமம் சரிவுப் பலகையில் இருக்கிறது. ஏறும் பலகை நேரானதல்ல, முறுக்கியது. காரின் ஒரு பக்கச் சக்கரங்கள் மறுபக்கத்தைவிட மேலே தூக்கப்படும்போதே உருளல் தொடங்கிவிடுகிறது. பலகையை விட்டு எழும்பியபின் ஓட்டுநரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே எல்லாம் எழும்புமுன் சரியாக இருக்கவேண்டும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் உருளல் கோணலாகும் என்பதால் ஓட்டுநரின் ஆசனத்தையும் ஸ்டியரிங்கையும் காரின் நடுவே கொண்டுவந்தார்கள். பாரம் குறைக்க எட்டு சிலிண்டருக்குப் பதில் ஆறு சிலிண்டர் என்ஜின். வேகம் குறைந்தால் உருளல் முடியுமுன் கார் கீழே வந்து பக்கவாட்டில் அடிக்கும். கூடினால் இறங்கும் பலகையின் முறுக்கோடு சக்கரங்கள் பொருந்தாது. ஆற்றில் சுழியோடிகள், கரையில் கிரேன், எல்லாம் ஆயத்தமாக நின்றன. ஒரே தடவையில் முடிந்தது.

அப்படிப்பட்ட காட்சிக்கு என்ன சத்தம் போட்டார்கள்? கோமாளி வழுக்கி விழும்போது ஊதும் இழுவைச் சீழ்க்கை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குக்காவடியை அண்ணாந்து பார்க்கும்போது பின்னால் ஒருவன் திருவிழாப் பீப்பீ ஊதினால் எப்படி இருக்கும்? இசையமைப்பாளர் ஜோன் பரி அதற்காகப் பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

படத்தின் மற்றக் கோளாறும் இதே சாதிதான். கிறிஸ்தோபர் லீ போன்ற வில்லன் கிடைத்திருக்கிறார். பொண்டுக்குச் சமமான குறிகாரன், ஒரு குண்டுக்கு ஒரு மில்லியன் டொலர் வாங்குபவன். இரண்டு பேரும் ஒரு தீவில் எதிரெதிரே நின்றால் போதும், கதை அதுதான். அது போதாதென்று சூரிய சக்திக் கருவி ஒன்றைத் தேடவிட்டு, முந்திய படத்தில் அமெரிக்காவில் பார்த்த வாயாடிப் பொலிஸ்காரரை பாங்கொக்கில் சுற்றுலாப் பயணியாகக் கொண்டுவந்து அந்தக் காருக்குள்ளேயே ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் இது சொத்தை அல்ல, வீணடிப்பு. வீணடிப்பில் முதலிடம்.

'மூன்ரேக்கர்' படத்தைக் கேலி செய்வது பாஷனாகிவிட்டது. அது வசூலை அள்ளிய படம் என்பது உங்களுக்குத் தெரியாதா?
வாசகர், சீனன்குடா

தெரியும். 34 மில்லியன் டொலர் செலவில் எடுத்து உலகெங்கும் 210 மில்லியன் வசூலித்தது. 1995 இல் 'கோல்டன் ஐ' வரும்வரை வேறெந்த பொண்ட் படமும் அதை முந்தவில்லை. ஆனால் 'டை அனதர் டே' கூட 430 மில்லியனுக்கு மேல் சம்பாதித்தது. அவ்வளவு காசு வந்தும் அடுத்த படத்தில் நடிகரை மாற்றிக் கதையை ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். வசூலை வைத்து வாதாடாதீர்கள், நீங்களே தோற்பீர்கள்.

வாதாட வேறு நல்ல சாட்சி இருக்கிறது. முதல் ஐந்து நிமிடத்தைக் காட்டுங்கள். பரசூட் இல்லாமல் விமானத்திலிருந்து தள்ளப்பட்ட பொண்ட், அந்தரத்தில் இன்னொருவனைத் துரத்திப் பிடித்து அவன் முதுகிலிருந்து பரசூட்டைக் கழற்றும் காட்சி. அதை எடுக்க 88 தடவை குதித்தார்கள். ஒவ்வொரு குதிப்பிலும் கிடைப்பது சில செக்கன்கள்தான். கூடவே குதித்த கமராக்காரரின் தலைக்கவசத்தில் பாரம் குறைந்த கமரா. நடிகர்களுக்குப் பதிலாகக் குதித்தவர்களின் உடுப்புக்குள்ளே வெளியே தெரியாதபடி மெல்லிய பரசூட். வெளியில் தெரிவது நாடகத்துக்கு, உள்ளே இருப்பது உயிருக்கு.

சரி, கேலி எங்கிருந்து வந்தது? முந்திய படத்தின் இறுதியில் "அடுத்து வருவது 'ஃபோர் யுவர் ஐஸ் ஒன்லி'" என்று எழுத்துப் போட்டிருந்தார்கள். 1977 இல் 'ஸ்டார் வோர்ஸ்' ஓடிய ஓட்டத்தைக் கண்டு அதைத் தள்ளிவைத்துவிட்டு விண்வெளிக்குக் கிளம்பினார்கள். அசல் விண்வெளி ஷட்டில் முதன்முதலில் பறந்தது 1981 ஏப்ரலில், படத்தில் 1979 இலேயே பறந்துவிட்டது. டெரெக் மெடிங்ஸ் குழு சிறு மாதிரிகளை வைத்துச் செய்த அந்த வேலை ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, அதில் குறை சொல்ல மாட்டோம். குறை வெனிஸ் நகரத்தில். பொண்டின் கொண்டோலாப் படகு காற்றுமெத்தை ஊர்தியாக மாறிச் சதுக்கத்தில் ஓடுகிறது, அதைக் கண்ட புறா ஒன்று நம்பமுடியாமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டிச் செய்த வித்தை அது. எங்கள் புறாமலைப் புறாக்கள் சுற்றுலாப் படகுகளில் எவ்வளவோ கூத்தைக் கண்டிருக்கும், ஒன்றாவது அப்படிக் கழுத்தைத் திருப்பியிருக்காது.

வில்லனின் அடியாளான இரும்புப் பல் ஜோஸ் காதலில் விழுந்து நல்லவனானதும் கெடுதல். சிறுவர்கள் அவனை நல்லவனாக்கச் சொல்லிக் கடிதம் எழுதியதாக இயக்குநர் லூயிஸ் கில்பெர்ட் சொல்லியிருக்கிறார். வாசகர் கடிதத்தால் இப்படியும் விபரீதம் நடக்கும்.

'தண்டர்போல்' படத்தில் பாதி தண்ணீருக்குள். சுழியோடியான எனக்கே கொட்டாவி வருகிறது. அதோடு, வாயில் கடித்துக்கொள்ளும் அந்தச் சின்னக் குழாயில் நான்கு நிமிடம் மூச்சுவிட முடியுமா?
வாசகர், நிலாவெளி

பாதி இல்லை, ஏறத்தாழக் கால்வாசி. கொட்டாவிக்குக் காரணம் உங்களுக்கே தெரியும்: தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. ஓங்கிக் குத்தினால் கை தடவுவதுபோலப் போகும். முகமூடிக்குள் முகம் தெரியாது, பேச்சும் இல்லை. அதனால்தான் வில்லன் ஆட்களுக்குக் கறுப்பும் அமெரிக்கக் கடற்படைக்குச் செம்மஞ்சளும் உடுத்தினார்கள். பஹாமாஸின் ஆழம் குறைந்த தெளிந்த நீர் என்பதால் அந்த நிறம் எடுபட்டது. இன்னும் ஆழத்தில் எடுத்திருந்தால் சிவப்புச் சாயல் முதலில் காணாமற்போய் எல்லோரும் சாம்பலாகத் தெரிந்திருப்பார்கள். 1965 இல் இதைச் செய்துகாட்டியது பெரிய காரியம், சிறப்புக் காட்சிகளுக்கான ஒஸ்காரும் கிடைத்தது. எங்களுக்குச் சொத்தையாகப் படுவது கடைசிப் படகுச் சண்டை. படச்சுருளை வேகமாக ஓட்டியிருப்பது பச்சையாகத் தெரிகிறது. கடலடிச் சண்டையின் மெதுவுக்குப் பயந்து, மேலே வந்ததும் ஓட்டம் பிடித்திருக்கிறார்கள்.

குழாய்க் கணக்கு: அமைதியாக இருப்பவர் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 20 லீற்றர் காற்று இழுப்பார் என்று வைப்போம். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரட்டிப்பு, ஆகவே 40 லீற்றர். நான்கு நிமிடத்துக்கு 160 லீற்றர். நீங்கள் முதுகில் சுமக்கும் 12 லீற்றர்ச் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் 2,400 லீற்றர் இருக்கும், ஒரு மணித்தியாலம் தாங்கும். சுருட்டளவுக் குழாய் இரண்டிலும் சேர்த்து 100 மில்லிலீற்றர் கொள்ளுமென்று தாராளமாக வைத்தாலும், அதே அமுக்கத்தில் 20 லீற்றர்தான். அரை நிமிடம். பொண்ட் சுறாவோடு மல்லுக்கட்டினால் அதுவும் இல்லை. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்ப இழுக்கும் கருவி என்று சொல்வீர்களானால், அதற்கு மூச்சுப் பையும் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சுண்ணாம்புத் தூளும் வேண்டும். அவை எங்கே?

படம் வந்தபின் பிரித்தானிய இராணுவப் பொறியியல் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்து அது எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று கேட்டாராம். பின்னாளில் பல பொண்ட் படங்களின் கலை வடிவமைப்பாளரான பீட்டர் லமொன்ட் கொடுத்த பதில்: உங்களால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியுமோ அவ்வளவு நேரம்.

'எ வியூ டு எ கில்' படத்துக்கு ரொஜர் மூரின் வயதைத்தானே குறை சொல்கிறார்கள்? அது நியாயமா?
வாசகி, அன்புவழிபுரம்

பாதி நியாயம். 1985 மே மாதம் படம் வந்தபோது மூருக்கு 57 வயது. 1971 இலேயே இந்த வரிசையிலிருந்து ஒதுங்கிக்கொண்ட கொனரியைவிட அவர் மூன்று வயது மூத்தவர். வயது தெரிவது முகத்தில் அல்ல, காட்சி வெட்டுகளில். பாரிஸ் கோபுரப் படிகளில் ஓடும் காட்சியைக் கவனியுங்கள்: ஓடும்போது முதுகு, நின்றதும் முகம். ஓட்டத்துக்கு வேறு ஆள் என்று அந்த ஒழுங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மீதிக் குறைக்கு மூர் பொறுப்பில்லை. தொடக்கத்தில் உடைந்த பனி ஊர்தியின் சறுக்குத் தகட்டில் ஒற்றைப் பலகையாக நின்று சறுக்கித் தப்பும் காட்சி அருமை. பனிப்பலகைச் சறுக்கை உலகில் பலர் முதன்முதல் கண்டது அதில்தான். அதற்குப் பின்னணியில் கலிபோர்னியாக் கடற்கரைப் பாட்டைப் போட்டு, மறுபடியும் பீப்பீ ஊதியிருக்கிறார்கள். மண்ணியல் தெரிந்த கதாநாயகியின் முதுகுப் பக்கமாக ஓர் ஆகாயக்கப்பல் வந்து அவரைத் தூக்கும்வரை அவருக்குத் தெரிவதில்லை. வில்லனின் திட்டமும் ஓட்டை: ஏரிகளை வெடிக்கவைத்து நிலப்பிளவுகளுக்குள் தண்ணீரை விட்டு சிலிக்கன் பள்ளத்தாக்கை மூழ்கடிப்பது. பிளவுக்குள் நீர் புகுந்தால் நில அதிர்வு தூண்டப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் சான் அன்ட்ரியாஸ் பிளவில் இரு பக்கமும் கிடையாக உரசி நகர்கின்றன. ஊர் நகரும், அமிழாது.

டுரான் டுரான் குழுவின் பாட்டு மட்டும் தப்பியது. அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்த ஒரே பொண்ட் பாட்டு அது.

'ஒக்டோபஸி' படம் இந்தியாவைக் கேவலப்படுத்துகிறது. அதை ஏன் கடைசியில் போடவில்லை?
ஆசிரியை, மூதூர்

கேவலப்படுத்தும் இடங்கள் உண்டு. உதயப்பூரில் எடுத்த பகுதியில் ஆணிப்படுக்கை, தீமிதிப்பு, வாள் விழுங்கி எல்லாம் ஒரே சந்தில் நிற்கின்றன. சூதில் வென்ற காசை உள்ளூர்க்காரரிடம் கொடுத்து, சில கிழமைக்குக் கறிக்கு ஆகும் என்கிறார் பொண்ட். புலியைப் பார்த்து "இரு" என்கிறார், கொடியில் தொங்கிக்கொண்டு டார்ஸான் கூச்சல் போடுகிறார். சென்னைத் தமிழரான டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜுக்குக் கிடைத்த வேலை, ஓட்டோத் துரத்தலில் டெனிஸ் மட்டையால் ஆட்களை அடிப்பது. சுற்றி நின்ற சனம் போட்டி பார்ப்பதுபோலத் தலையை இடமும் வலமும் திருப்புகிறது. சிரிப்பு வருகிறது என்பதையும் மறைக்கவில்லை.

கடைசியில் போடாததற்குக் காரணம் இரண்டாம் பாதி. ஜேர்மனியில் சர்க்கஸ் கூடாரத்துக்குள் அணுகுண்டு. அதைச் செயலிழக்கச் செய்ய ஓடிவரும் பொண்ட் கோமாளி வேடத்தில் நிற்கிறார், உண்மையைச் சொல்லச் சொல்லக் கூட்டம் சிரிக்கிறது. கோமாளித்தனம் நிறைந்த படத்தில் கோமாளி முகத்தைப் பயங்கரமாக்கிய ஒரே இடம். அதற்காகவே சில இடம் மேலே ஏற்றினோம்.

'குவாண்டம் ஒஃப் சொலஸ்' பார்த்துத் தலையிடி வந்தது. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. எனக்குத்தான் கண் பிழையா?
வாசகர், கிண்ணியா

உங்கள் கண்ணில் பிழையில்லை. வேகமான வெட்டுக்கும் ஒரு விதி உண்டு: ஒரு வெட்டில் திரையின் எந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ, அடுத்த வெட்டில் அதே மூலையில் நமக்கு வேண்டியது இருக்கவேண்டும். இருந்தால் ஒரு செக்கனுக்குள் விளங்கும். இல்லாவிட்டால் கண் தேடத் தொடங்கும், தேடி முடிக்குமுன் அடுத்த வெட்டு வந்துவிடும். தொடக்கக் கார்த் துரத்தலில் பொண்டின் காரும் கடும் நிறம், துரத்தும் கார்களும் கடும் நிறம், சுரங்கப் பாதையும் இருட்டு. தேடிக்கொண்டே இருக்கிறோம். சியேனா நகரத்துக் குதிரைப் பந்தயத்தையும் நிலத்தடித் துரத்தலையும் மாறி மாறி வெட்டியது இன்னொரு சுமை.

கதை மெலிந்ததற்குக் காரணம் தெரிந்ததே. ஹொலிவூட் எழுத்தாளர் வேலைநிறுத்தம் 2007 நவம்பர் 5 இல் தொடங்கி 2008 பெப்ரவரி 12 வரை நீடித்தது. படப்பிடிப்பு ஜனவரியில் தொடங்கிவிட்டது. தானும் இயக்குநரும் உட்கார்ந்து காட்சிகளை எழுதவேண்டி வந்ததாக, பொண்டாக நடித்த டானியல் கிரெய்க் பிறகு சொன்னார். 106 நிமிடம், வரிசையிலேயே குறுகிய படம்.

மருந்து ஒன்று உண்டு. 2006 இன் 'கசினோ ரோயல்' முடிந்த கையோடு இதைப் போடுங்கள். கதையும் அது முடிந்து சிறிது நேரத்திலேயே தொடங்குகிறது. தனிப்படமாக நொண்டுவது, நீண்ட படத்தின் கடைசி அத்தியாயமாக நடக்கும். ஒஸ்திரியாவில் ஏரிமேல் அமைந்த ஒபெரா மேடைக் காட்சியில் மட்டும் வெட்டு மூச்சுவிடுகிறது, அங்கே தலையிடி வராது.

'ஸ்பெக்டர்' பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.
வாசகர், தம்பலகாமம்

மொரோக்கோப் பாலைவனத்தில் 8,418 லீற்றர் மண்ணெண்ணெயையும் 33 கிலோ வெடிமருந்தையும் கொளுத்திக் கின்னஸ் சாதனை படைத்த வெடிப்பு இருக்கிறது. மெக்சிக்கோவில் ஒரே வீச்சில் எடுத்ததுபோலப் பொருத்திய தொடக்கக் காட்சி இருக்கிறது. அந்தக் காட்சிக்காகக் கற்பனை செய்த இறந்தோர் நாள் ஊர்வலத்தை, படம் வந்த அடுத்த ஆண்டு முதல் மெக்சிக்கோ நகரம் உண்மையாகவே நடத்தத் தொடங்கியது. புளோஃபெல்ட் என்ற பெரிய வில்லனின் உரிமை நீண்ட வழக்குக்குப் பின் 2013 இல்தான் திரும்பக் கிடைத்தது. இவ்வளவும் கையில் இருக்க, அவன் வில்லனாக இருந்தால் போதாதென்று பொண்டோடு வளர்ந்த அண்ணன் ஆக்கிவிட்டார்கள். தகப்பன் பாசம் பங்குபோன பொறாமையில் உலகத்தையே கெடுத்தானாம். பிரிந்த அண்ணன் தம்பிக் கதையைத் தமிழ்ப் படங்களில் நாம் பார்த்துக் கரைத்துக் குடித்தவர்கள், குடும்பப் பாட்டு ஒன்றுதான் குறை.

'லைசன்ஸ் டு கில்' தோற்றதற்கு திமோத்தி டால்ட்டன்தானே காரணம்?
வாசகர், கன்னியா

இல்லை. 1989 கோடையில் அமெரிக்காவில் 'பட்மன்', மூன்றாவது 'இந்தியானா ஜோன்ஸ்', இரண்டாவது 'லீதல் வெப்பன்' ஆகியவற்றோடு மோதவிட்டார்கள். பிரித்தானியாவில் 15 வயதுக்கு உட்பட்டோர் பார்க்கக்கூடாதென்று சான்றிதழ், பொண்ட் படத்துக்கு அது முதல் தடவை. பள்ளிப் பெடியன்கள் வெளியே நின்றால் டிக்கெட் எங்கே விற்பது? நல்ல படம், பிழையான கிழமை.

'டயமண்ட்ஸ் ஆர் ஃபொரெவர்' படத்தில் கார் ஒன்று சரிந்து ஓடும் காட்சியில் ஏதோ பிழை இருப்பதாக நண்பர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். யார் வென்றது?
வாசகர், சாம்பல்தீவு

பிழை இருக்கிறது என்று சொன்னவர். லாஸ் வேகாஸில் சிவப்பு மஸ்டாங் கார் ஒடுங்கிய சந்துக்குள் புகும்போது வலப்பக்க இரண்டு சக்கரங்களில் ஓடுகிறது. வெளியே வரும்போது இடப்பக்கச் சக்கரங்களில் வருகிறது. புகுவதை ஓரிடத்திலும் வெளிவருவதை வேறிடத்திலும் எடுத்ததால் வந்த வினை. வெட்டும்போது கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே கார் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரிவதாக ஒரு காட்சியைச் செருகினார்கள். அந்தச் சந்தின் அகலத்தைப் பாருங்கள். கார் நேராக நிமிரவே அங்கே இடமில்லை, பிறகெப்படி மறுபக்கம் சரிவது? காசை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.